ஆறில் ஐந்தை வென்ற எதிரணி: இந்த ஓட்டம் நிலைக்குமா?

கேள்வி: மும்பை மாதுங்காவில் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பையன்களின் கூடைப்பந்து அணி ஒன்றுக்குப் பயிற்சி அளிக்கிறேன். சென்ற ஆண்டு எங்கள் வட்டார லீக்கில் 12 ஆட்டங்களில் 4 மட்டுமே வென்ற பக்கத்து அணி, இந்த ஆண்டு இதுவரை ஆடிய 6 ஆட்டங்களில் 5-ஐ வென்றிருக்கிறது. புதிய கோச் வந்திருக்கிறார். ஆறடி நான்கு அங்குல உயரமுள்ள பையன் ஒருவனும் சேர்ந்திருக்கிறான். நாமும் ஆட்டமுறையை மாற்ற வேண்டும் என்று பெற்றோர் வற்புறுத்துகிறார்கள். எனக்கோ இது சில வார ஓட்டம் என்றே படுகிறது. மூன்று வாரத்தில் அவர்களோடு ஆட வேண்டும். யார் சொல்வது சரி? என் உதவியாளர் வீடியோ பார்த்துக் குறித்த இரண்டு ஆண்டுக் கணக்கையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: நீங்கள் அனுப்பிய கணக்கை இரண்டு முறை கூட்டிப் பார்த்த பிறகே எழுதுகிறேன். அந்த அணி ஆறில் ஐந்து என்ற வேகத்தில் தொடர்ந்து வெல்லாது. ஆனால் சென்ற ஆண்டு இருந்த இடத்துக்கும் திரும்பாது. உங்கள் ஊகம் பாதி சரி, பெற்றோரின் அச்சமும் பாதி சரி. எந்தப் பாதி யாருடையது என்று பிரித்துவிட்டால், மூன்று வாரத்தில் எதைப் பயிற்சி செய்வது என்பது தானாகத் தெளியும்.

முதலில் வெற்றி எண்ணிக்கையை ஒதுக்கிவைத்துவிட்டுப் புள்ளி வித்தியாசத்தைப் பாருங்கள். அவர்களுடைய ஐந்து வெற்றிகள் 2, 3, 3, 11, 14 புள்ளி வித்தியாசத்தில் வந்தவை. தோற்ற ஒன்று 9 புள்ளியில். ஆறையும் சேர்த்தால் ஆட்டத்துக்குச் சராசரியாக 4 புள்ளி முன்னிலை. சென்ற ஆண்டு இதே அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 8 புள்ளி பின்தங்கியிருந்தது. ஆக, விளக்க வேண்டியது இந்த 12 புள்ளி முன்னேற்றத்தைத்தான். கடைசி நிமிடத்தில் முடிவான மூன்று ஆட்டங்களில் ஒவ்வொரு பந்து வளையத்தின் விளிம்பில் பட்டு வெளியே போயிருந்தாலும், ஐந்து வெற்றி இரண்டாகியிருக்கக்கூடும். அப்போது பெற்றோர் உங்களிடம் வந்திருக்கவே மாட்டார்கள்.

அந்த 12 புள்ளியில் கண்ணுக்கு முதலில் படுவது, தொலைவுக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதல். சென்ற ஆண்டு 150 முறை எறிந்து 42-ஐப் போட்டார்கள். அது 28 விழுக்காடு. இந்த ஆண்டு 96-க்கு 37. அதாவது 38 விழுக்காட்டுக்கும் சற்று மேல். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். தொலைவிலிருந்து எறியும் பந்துக்கு அந்தக் கணக்கு பொருந்தவே பொருந்தாது. உண்மையான திறன் 30 விழுக்காடு உள்ள ஓர் அணியை 96 முறை எறியச் சொன்னால், பெரும்பாலும் 24-க்கும் 33-க்கும் இடையில் போடும். 37 அல்லது அதற்கு மேல் போடுவது ஏறத்தாழ இருபதில் ஒரு முறை நடக்கும். பத்துப் பன்னிரண்டு அணிகள் ஆடும் லீக்கில் ஏதேனும் ஓர் அணிக்கு அப்படியொரு மாதம் வாய்ப்பது இயல்புதான். ஒரே ஒரு ஆட்டத்தின் கணக்கோ இதைவிட மோசமாக ஏமாற்றும்: 20 எறிதலில் பத்து விழுக்காடு மேலே போவதும் கீழே வருவதும் அன்றாடம் நடப்பதே.

உலகின் மிகச் சிறந்த கைகளுக்கும் இது விலக்கல்ல. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.-வில் அட்லாண்டா ஹாக்ஸ் அணியின் கைல் கார்வர் 2014-15 பருவத்தில் மூன்று புள்ளி எறிதலில் 49.2 விழுக்காடு போட்டார். அடுத்த பருவத்தில் அதே அணியில் 39.8. 38 வெற்றிகளிலிருந்து 60-க்குத் தாவி, 2015 ஜனவரியில் ஆடிய 17 ஆட்டங்களையும் வென்ற அந்த அணி, அடுத்த பருவத்தில் 48-க்கு இறங்கியது. ஆனாலும் 48 என்பது 38 அல்ல. அதையும் மனத்தில் வையுங்கள். 2018 மே மாதம் ஹூஸ்டன் ராக்கெட்ஸ், மேற்குப் பிரிவு இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டத்தில் மூன்று புள்ளி எறிதல்களைத் தொடர்ந்து 27 முறை தவறவிட்டுத் தோற்றது. பருவம் முழுவதும் அந்த எறிதலையே நம்பி வென்ற அணி அது.

எனவே பக்கத்து அணியின் இரண்டு ஆண்டு எறிதலையும் சேர்த்துப் பாருங்கள்: 246-க்கு 79, அதாவது 32 விழுக்காடு. இனி அவர்களிடம் எதிர்பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். ஆட்டத்துக்கு 16 முறை எறிகிறார்கள் என்பதால், 38-க்கும் 32-க்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ ஒரு கூடை, மூன்று புள்ளி. அவர்கள் நூலிழையில் வென்ற மூன்று ஆட்டங்களின் வித்தியாசமும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

பலரும் பார்க்கத் தவறும் இன்னொரு வரி உங்கள் தாளிலேயே இருக்கிறது. அவர்களை எதிர்த்து ஆடியவர்கள் ஃபவுலுக்கு ஈடாகக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவில் 90-க்கு 46 மட்டுமே போட்டிருக்கிறார்கள். சென்ற ஆண்டு அது 60 விழுக்காடாக இருந்தது. ஃப்ரீ த்ரோ எறிபவரை யாரும் மறிப்பதில்லை. எதிராளி கோட்டில் நின்று தவறவிடுவதற்குத் தற்காப்பு எந்த வகையிலும் காரணமாக முடியாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் அது. இதனால் அவர்களுக்கு ஆட்டத்துக்கு ஒரு புள்ளிக்குச் சற்று மேல் கிடைத்திருக்கிறது. இனி அது கிடைக்கும் என்று நம்ப இடமில்லை. இரண்டையும் கூட்டினால் 12 புள்ளியில் நான்கரை புள்ளி வரை கரைந்துவிடும்.

மீதியில்தான் உங்கள் கவனம் இருக்க வேண்டும். பந்தைத் தவறவிடும் டர்ன்ஓவர் ஆட்டத்துக்கு 20-லிருந்து 15-ஆகக் குறைந்திருக்கிறது. எதிர்க்கூடையின் கீழ் எடுக்கும் ரீபவுண்ட், அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது, 7-லிருந்து 10-ஆக உயர்ந்திருக்கிறது. அதாவது முன்பு இல்லாத எட்டு வாய்ப்புகள் ஒவ்வோர் ஆட்டத்திலும் அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கின்றன. உங்கள் லீக்கில் ஒரு வாய்ப்புக்குச் சராசரியாக முக்கால் புள்ளி வருவதால், ஆறு புள்ளி. டீன் ஆலிவர் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் ஆட்டத்தின் வெற்றி தோல்வியை எறிதல், டர்ன்ஓவர், ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ என்று நான்காகப் பிரித்தார். அவற்றுள் எறிதல்தான் அதிக எடை கொண்டது, அதிகம் ஊசலாடுவதும் அதுவே. பந்தைக் காப்பதும் ரீபவுண்ட் எடுப்பதும் பழக்கத்தால் வருபவை. ஒரு முறை வந்துவிட்டால் எளிதில் போகாதவை.

நீங்கள் அனுப்பிய வீடியோக்களில் ஒன்றை, அவர்கள் 3 புள்ளியில் வென்ற ஆட்டத்தை, முழுவதுமாகப் பார்த்தேன். கூட்டத்தின் கூச்சலெல்லாம் மூலையிலிருந்து எறியும் பையனுக்குத்தான். நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தது, பந்தை முன்னெடுத்துச் சென்று ஆட்டத்தை நடத்தும் அவர்களுடைய பாயிண்ட் கார்டை. சென்ற ஆண்டு வீடியோவில் அதே பையன் பந்து கைக்கு வந்ததுமே குனிந்து தரையில் தட்டத் தொடங்குகிறான். எதிராளி இருவர் நெருங்கிய பிறகே தலை நிமிர்கிறது, அதற்குள் பந்து பறிபோகிறது. இப்போது பந்தைப் பிடிக்கும்போதே முழங்கால் மடிந்திருக்கிறது, பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு கணம் மைதானம் முழுவதையும் பார்க்கிறான், அதன் பிறகே முதல் தட்டு. இதை ஒரு வாரத்தில் யாரும் கற்றுவிட முடியாது. தினமும் மாலையில் யாரோ பக்கத்தில் நின்று திருத்தியிருக்கிறார்கள். புதிய கோச் நாக்பாடாவில் ஆடி வளர்ந்தவர் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். இந்திய அணியின் தலைவராக இருந்து அர்ஜுனா விருது பெற்ற அப்பாஸ் முந்தாசிரைத் தந்த பகுதி அது. அங்கே பந்தைக் கையாளக் கற்ற ஒருவர் முதலில் இதைத்தான் திருத்துவார் என்பதில் எனக்கு வியப்பில்லை.

உயரப் பையன் விஷயம் சற்று வேறு. ஆள் சேர்ந்ததால் வரும் முன்னேற்றம், அந்த ஆள் இருக்கும்வரை நிற்கும். பாஸ்டன் செல்டிக்ஸ் 2006-07-இல் 24 ஆட்டங்களை வென்றது. கெவின் கார்னெட்டும் ரே ஆலனும் வந்ததும் 66 வென்று சாம்பியனானது, அதற்கடுத்த பருவத்திலும் 62 வென்றது. ஆனால் அங்கே ஒருவர் அமர்ந்தாலும் தாங்கிக்கொள்ள மற்றவர்கள் இருந்தார்கள். உங்கள் எதிரணியில் அந்தப் பையன் 40 நிமிடத்தில் சராசரியாக 37 நிமிடம் ஆடுகிறான். அவன் உட்கார்ந்த நேரங்களில் ரீபவுண்ட் பழைய நிலைக்கே விழுகிறது. ஐந்தாவது ஃபவுலில் ஆட்டக்காரர் வெளியேற வேண்டும் என்ற விதி இருக்கும்போது, ஓர் அணி இப்படி ஒருவனை மட்டும் நம்பியிருப்பது பெரிய பலவீனம். அவன் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் என்றால், பிப்ரவரியில் பொதுத்தேர்வு நெருங்கும்போது பயிற்சிக்கு எத்தனை நாள் வருவான் என்பதும் கேட்டறிய வேண்டிய ஒன்று.

ஆட்ட அட்டவணையைப் பற்றிச் சுருக்கமாக: அவர்கள் இதுவரை சந்தித்த ஆறு அணிகளில் நான்கு, சென்ற ஆண்டுப் பட்டியலின் கீழ்ப்பாதியில் இருந்தவை. வலுவான அணிகள் இனிமேல்தான் வரப்போகின்றன.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால், சென்ற ஆண்டு 8 புள்ளி பின்தங்கியிருந்த அணி இப்போது உண்மையாகவே ஏறத்தாழ சமநிலை அணி. மீதமுள்ள ஆட்டங்களில் பாதியை அல்லது அதற்குச் சற்றுக் குறைவாக வெல்லும் என்பது என் கணிப்பு. ஆறே ஆட்டங்களை வைத்துச் சொல்வதால், இரண்டு ஆட்டம் முன்பின் ஆகலாம்.

இனி உங்கள் மூன்று வாரம். பெற்றோர் மாற்றம் கேட்கிறார்கள் என்பதற்காக நீங்களும் மூன்று புள்ளி எறிதலுக்கு மாற வேண்டாம். எதிரணியிடமே நிலைக்காத ஒன்றை, உங்கள் பையன்களிடம் இல்லாத ஒன்றை, மூன்று வாரத்தில் கொண்டுவர முயல்வது வீண். மூலையில் எறியும் பையனைக் கண்டு அஞ்சி எல்லோரையும் 6.75 மீட்டர் தொலைவிலுள்ள மூன்று புள்ளிக் கோட்டுக்கு இழுத்துச் செல்லவும் வேண்டாம். அப்படிச் செய்தால் கூடையின் அடியில் உயரப் பையன் தனியாக நிற்பான். அவர்களுடைய நிலையான பலத்துக்கு நீங்களே வழிவிட்டதாகும். மூலைப் பையனுக்குக் கை நீட்ட ஒருவர் போதும்.

பயிற்சி நேரத்தில் பாதியைப் பாக்ஸ் அவுட்டுக்குக் கொடுங்கள். எறியப்பட்ட பந்தை அண்ணாந்து பார்க்கும் முன், தன் ஆளைத் தேடி, முதுகை அவன் மார்போடு ஒட்டி, கால்களை அகட்டி நிற்க ஐந்து பேருக்கும் பழக வேண்டும். உயரப் பையனைத் தாவிப் பந்தெடுப்பதில் உங்கள் பையன்கள் வெல்ல முடியாது. அவன் தாவுவதற்கு இடம் இல்லாமல் செய்ய முடியும். பந்து உங்களிடம் இருக்கும்போது முதல் கால்பகுதியிலிருந்தே அவனை நோக்கிப் பந்தைத் தட்டிக்கொண்டே உள்ளே போகச் சொல்லுங்கள். கூடைக்கு அருகே சென்று எறியும் லேஅப் தவறினாலும் கவலை வேண்டாம். இரண்டாம் கால்பகுதி முடிவதற்குள் அவனுக்கு மூன்றாவது ஃபவுல் விழுந்தால், கோச் அவனை உட்காரவைக்க வேண்டிவரும்.

உங்களோடு ஆடுவதற்கு முன் பக்கத்து அணிக்கு இன்னும் இரண்டு ஆட்டங்கள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் உதவியாளரை நேரில் அனுப்புங்கள். கூடை விழுந்ததா என்பதை அவர் குறிக்கவே வேண்டாம். ஒவ்வொரு மூன்று புள்ளி எறிதலும் தனியாக நின்றபடி எறியப்பட்டதா, முகத்துக்கு நேரே கை நீட்டியிருந்தபோது எறியப்பட்டதா என்று மட்டும் குறிக்கட்டும். பெரும்பாலானவை தனியாக நின்று எறிந்தவை என்றால், அந்த வாய்ப்புகளை அவர்கள் திட்டமிட்டே உருவாக்குகிறார்கள் என்று பொருள். அப்போது என் 32 விழுக்காட்டை 35-ஆக உயர்த்திக்கொண்டு, மூலைக்கு இரண்டாவது ஆளையும் அனுப்ப ஆயத்தமாக இருங்கள்.