களி தாங்கும் கனம்

அன்புள்ள ஐயா,

ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. மொட்டை மாடியில் சின்ன லேத் ஒன்று போட்டுப் பொழுதுபோக்காக மரக்கிண்ணம் கடைகிறேன். மா, புளி, வேம்பு, எது கிடைத்தாலும். என் கிண்ணங்களின் சுவர் ஒரு அங்குலம் வரை கனமாக இருக்கும். படம் போட்டால் "இது என்ன உரலா?" என்று கேட்கிறார்கள். வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்கு மெல்லியதாகக் கடைபவன்தான் கைகாரனாம். செய்ததில் பாதி வெடித்துப்போகிறது. மீதிக்குப் பளபளவென்று வார்னிஷ் அடித்துக் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறேன். மாடியெல்லாம் மரத்தூள், என் மகள் அதில்தான் விளையாடுகிறாள். நான் மெல்லியதாகக் கடையப் பழகவேண்டுமா? விற்பனைக்குப் போகலாமா? இல்லை, எல்லாமே நேரவிரயமா?

க., ஓசூர்

அன்புள்ள க.,

நேரவிரயமா என்ற கேள்வியை விட்டுவிடுவோம். ஷிப்டு முடித்து வந்த பிறகும் ஒருவர் உளியைத் தீட்டிக்கொண்டு கட்டை முன்னால் நிற்கிறார் என்றால் அவருக்கு அது வேண்டியிருக்கிறது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். விற்பனையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கனம் பற்றி எழுதியிருந்தீர்களே, அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நாளாகவே பாட்டி வீட்டு மரவை, அதாவது மரத்தில் கடைந்த கிண்ணம், நினைவில் வந்துகொண்டிருக்கிறது. பென்னாகரம் பக்கம் அவர் ஊர். கிருஷ்ணகிரி 2004இல் பிரிவதற்கு முன்னால் உங்கள் ஓசூரும் எங்கள் தர்மபுரி மாவட்டம்தான். கேழ்வரகுக் களியைக் கிளறி இறக்கியதும் அந்த மரவையில் கொட்டுவார். கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, மரவையைச் சாய்த்து ஒரு சுழற்றுச் சுழற்றினால் களி உருண்டையாகித் தட்டில் விழும். சுவர் என் கட்டைவிரலைவிடத் தடிமன். உள்ளே ஆவி பறக்கும், வெளியே பிடித்த கைக்குச் சூடு தெரியாது. ஈரக்கை பட்டுப் பட்டு உட்புறம் கறுத்து மழமழவென்று இருக்கும். விளிம்பில் ஒரு விரிசல். அதன் மேல் தகரப்பட்டையை மடித்துச் சின்ன ஆணிகள் அடித்திருந்தார்கள். அதற்குப் பிறகும் அது பல வருடம் உழைத்தது. மெல்லிய சுவராக இருந்திருந்தால் ஆணி அடிக்க இடமே இருந்திருக்காது.

மெல்லியதாகக் கடைவது பெரிய திறமைதான், ஆசை இருந்தால் பழகுங்கள். உங்களைக் கேலி செய்தவர்களிடம் ஒன்று கேளுங்கள்: அந்தக் கிண்ணத்தில் யார் சாப்பிட்டார்கள்? கறிக்கடைக்காரர் புளியங்கட்டையை வைத்திருப்பது அழகுக்கா? நாள் முழுக்க வெட்டு வாங்க அந்தக் கனமும் வைரமும் வேண்டும். தினசரி கைக்கு வரும் பாத்திரத்துக்கும் உடம்பில் சதை வேண்டும்.

சரி, இப்போது திட்டு. பாதி வெடித்துப்போகிறது என்று ஏதோ மழை பெய்தது போல எழுதியிருக்கிறீர்கள். வெடிக்காமல் என்ன செய்யும்? காய்ப்பு ஓய்ந்த மாமரத்தைத் தோப்பில் வெட்டுகிறார்கள். விறகுக்குப் போகிற கட்டையில் ஒன்றை நீங்கள் கேட்டு வாங்கி வருகிறீர்கள். சந்தோஷம். ஆனால் அது பச்சை மரம். ஈரம் முப்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்கும். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது. மரத்தின் வளர்ச்சி வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. நீளவாக்கில் அநேகமாக ஒன்றுமில்லை. கனமான சுவரில் இன்னொரு சிக்கல் உண்டு. மேல்தோல் முதலில் காய்ந்து இறுகப் பார்க்கும், உள்ளே இருக்கும் ஈரம் விடாது. அந்த இழுபறியில்தான் வாய் பிளக்கிறது. நடுமையம், அதாவது வளையங்கள் தொடங்கும் புள்ளி, கிண்ணத்துக்குள் மாட்டிக்கொண்டால் விரிசல் நிச்சயம்.

அதனால் கட்டையை முதலில் நடுவே பிளந்து மையத்தைக் கழித்துவிடுங்கள். அப்புறம் இரண்டு தடவையாகக் கடையுங்கள். முதல் தடவை, விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் விட்டு நிறுத்துங்கள்: பத்து அங்குலக் கிண்ணத்துக்கு ஒரு அங்குலம். இழை குறுக்கே வெட்டுப்பட்ட முகத்தில் மெழுகு உருக்கித் தடவி, கடைந்த சீவலோடு காகிதப் பையில் போட்டு, காற்றடிக்காத நிழலில் வையுங்கள். சித்திரை வெயிலில் மாடியில் விட்டீர்களோ, ஒரே நாளில் போச்சு. மாதம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை போட்டு அடியிலேயே பென்சிலால் எழுதுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. ஆறு மாதம் ஆகும், கூடவும் ஆகும். அதற்குள் வாய் கோணி நீள்வட்டமாகியிருக்கும். கோணலைக் கழிக்கத்தான் அந்தக் கனம். இரண்டாம் தடவை கடைந்த பிறகும் முக்கால் அங்குலம் நிற்கட்டும். ஆறு மாதம் பொறுக்க முடியாது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த மாமரம் வளர எத்தனை வருடம் ஆனது?

வார்னிஷை விடுங்கள். கர்நாடகத்துச் சென்னபட்டணத்திலும் நம் அம்பாசமுத்திரத்திலும் அரக்குக் கட்டியைச் சுழலும் மரத்தில் அழுத்தி, அந்த உராய்வுச் சூட்டிலேயே உருகவைத்து ஏற்றுவார்கள். பார்க்கக் கண் நிறையும். ஆனால் அரக்கு சூட்டில் இளகும், களிக்கு ஆகாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகு சுத்தமான ஆளிவிதை எண்ணெய் தடவிச் சில வாரம் காயவிட்டால் போதும். பெயிண்ட் கடையில் விற்கும் காய்ச்சிய எண்ணெயில் உலர்த்திகள் கலந்திருக்கும், உணவுப் பாத்திரத்துக்கு அது வேண்டாம். இப்போது அலமாரியில் இருப்பவற்றில் ஒன்றை எடுத்து, வார்னிஷைச் சுத்தமாகச் சீவிவிட்டு, எண்ணெய் போட்டு வீட்டு அடுப்படியில் கொடுங்கள். ஒரு வருடம் அதில் களி உருண்டு வந்த பிறகு விற்பனையைப் பேசலாம்.

அப்புறம் அந்த மரத்தூள். கோபம் வந்தது, மறைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. மூக்கையும் சைனஸையும்தான் அது தாக்கும். தொழிற்சாலையில் கண்ணாடியும் கவசமும் இல்லாமல் உங்களை எந்திரத்துக்குப் பக்கத்தில் விடுவார்களா? வீட்டில் மட்டும் ஏன்? நல்ல முகக்கவசம் வாங்குங்கள். கடைந்து முடித்ததும் தண்ணீர் தெளித்துக் கூட்டி அள்ளுங்கள். அதுவரை பிள்ளையை மாடிக்கு விடாதீர்கள்.