உருண்டைக்குள் ஒளித்த பரிசு: பின்னல் தோழமை பற்றிக் கேள்வி பதில்

பின்னல் ஊசியைக் கையில் எடுத்து 32 ஆண்டுகள் ஆகின்றன. கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்) எண்ணிக்கை, நூல் கணக்கு என்று நிறையக் கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். இந்த முறை, பின்னுகிறவர்கள் தங்களுக்குள் கொடுத்து வாங்கும் பரிசுகளைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று கேட்டிருந்தேன். அதிலும் விளையாட்டான பரிசுகள் மேல் எனக்குத் தனிப் பிரியம். ஸ்வெட்டர் பின்ன ஒருவருடைய மார்பளவு தெரிந்தால் போதும். அவரைச் சிரிக்க வைக்கும் ஒன்றைப் பின்ன, அவர் எதற்குச் சிரிப்பார் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: அக்கா, என் தோழி என்னைவிட மிக நன்றாகப் பின்னுவாள். அவளுக்கு நான் என்ன பின்னிக் கொடுப்பது? எதைக் கொடுத்தாலும் குறை கண்ணில் படுமே.

படும்தான். ஆனால் குறையைக் காணும் அதே கண்ணுக்கு உழைப்பும் தெரியும். காலுறையின் குதிகாலில் நீங்கள் கண்ணிகளைக் கூட்டிக் குறைத்த இடத்தை அவர் விரலால் தடவிப் பார்ப்பார். பின்னத் தெரியாத யாரும் அந்த இடத்தைக் கவனிக்கப் போவதில்லை.

அவருக்கு அழகான பொருளைவிட அவருடைய தொல்லை ஒன்றைத் தீர்க்கும் பொருளைக் கொடுங்கள். பின்னுகிறவர்கள் எல்லோரிடமும் ஒற்றைக் காலுறை ஒன்று கிடக்கும். முதல் காலுறையை ஆசையாக முடித்திருப்போம். இரண்டாவதைத் தொடங்க மனம் வராது. என்னிடம் அப்படி நான்கு ஆண்டுகள் கிடந்த ஒரு நீலக் காலுறையை, மீதி நூலோடு சேர்த்து என் தோழி எனக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு மாதம் கழித்து ஜோடியாகத் திரும்பி வந்தது. அவள் பின்னியது கொஞ்சம் இறுக்கம். எனக்கு 10 சென்டிமீட்டரில் 30 கண்ணிகள் வரும், அவளுக்கு 33. அதே 60 கண்ணிகளை அவள் போட்டதால் சுற்றளவு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் குறைந்துவிட்டது. இன்றும் இடது காலில் அந்த இறுக்கத்தை உணரும்போது அவள் ஞாபகம் வருகிறது. அதை நான் மாற்றிப் பின்னவே இல்லை.

நீங்கள் செய்தால், பத்து வரிசை பின்னியதும் முதல் காலுறைமேல் வைத்துப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் 2.5 மி.மீ. ஊசிக்குப் பதில் 2.75 எடுங்கள், தளர்ந்தால் 2.25.

கேள்வி: நூல் உருண்டைக்குள் பரிசுகளை ஒளித்து வைத்துக் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். எப்படிச் செய்வது அம்மா?

இந்தக் கேள்வி வராதா என்று காத்திருந்தேன். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில், பின்னப் பழகும் சிறுமிகளுக்கு இப்படி ஓர் உருண்டையைக் கொடுப்பார்கள். ஜெர்மன் மொழியில் அதற்கு 'வுண்டர்க்நொய்ல்', அதாவது அதிசய உருண்டை, என்று பெயர். பின்னப் பின்ன நூல் குறையும். நூல் குறையக் குறைய உள்ளிருக்கும் சின்னப் பொருள்கள் ஒவ்வொன்றாக விழும். அடுத்தது என்ன என்று பார்ப்பதற்காகவே குழந்தை பின்னிக்கொண்டிருக்கும். பெரியவர்களுக்கும் இது அப்படியே பலிக்கிறது.

காலுறை நூல் 100 கிராம் எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய 400 மீட்டர் இருக்கும். எட்டுப் பத்துப் பொருள்களுக்கு அது தாராளம். பெரிய பொருளை நடுவில் வையுங்கள். சுருள் அளவு நாடா அதற்கு மிகப் பொருத்தம். உருண்டையாகவும் இருக்கும், உதவவும் செய்யும். பிறகு பொத்தான்கள், கண்ணியை அடையாளம் வைக்கும் சிறு வளையங்கள், மடித்த துண்டுக் கடிதங்கள். ஊசி, கத்தரி போன்ற கூர்மையான எதுவும் வேண்டாம், நூலை அறுத்துவிடும். உருகுவதும் சாயம் விடுவதும் வேண்டாம். ஒவ்வொன்றையும் மெல்லிய காகிதத்தில் சுற்றிவிட்டால் நூலில் சிக்காது.

இரண்டு விஷயங்களில் பலர் தவறுகிறார்கள். நூலை இழுத்து இறுக்கிச் சுற்றக் கூடாது. கம்பளி நாள்கணக்கில் நீண்டு கிடந்தால் அதன் துள்ளல் போய்விடும். அடுத்தது வரிசை. கடைசியாகச் சுற்றியதுதான் முதலில் வெளிவரும். ஆகவே தோழி முதலில் காண வேண்டியதைக் கடைசியில் வையுங்கள்.

எனக்கு வந்த உருண்டை ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் எந்தச் சால்வை பின்னப் போகிறேன் என்பது அனுப்பிய தோழிக்குத் தெரியும். அவள் அதை ஏற்கெனவே பின்னியவள். அதில் மிகக் கடினமான வரிசை ஏறக்குறைய 40 கிராம் நூல் தீரும் இடத்தில் வரும் என்று தன் சால்வையைப் பின்னும்போதே எடைபோட்டுக் குறித்து வைத்திருக்கிறாள். அதனால் முதலில் 60 கிராமைச் சுற்றி, அந்த இடத்தில் ஒரு கடிதத்தை வைத்து, மேலே மீதி 40 கிராமைச் சுற்றியிருக்கிறாள். நான் அந்த வரிசையில் தடுமாறிக்கொண்டிருந்தபோது கடிதம் மடியில் விழுந்தது. "எண்ணிப் பார், ஒரு கண்ணி குறைந்திருக்கும்" என்று எழுதியிருந்தாள். எண்ணினேன். குறைந்திருந்தது. எத்தனையோ தூரத்தில் இருப்பவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுபோல இருந்தது. அந்தக் காகிதம் இன்னும் என் ஊசிப் பெட்டியில் இருக்கிறது.

கேள்வி: நான் ஆண். எங்கள் பின்னல் குழுவில் மற்ற எல்லோரும் பெண்கள். நான் ஏதாவது பின்னிக் கொடுத்தால் விசித்திரமாக நினைப்பார்களோ?

நினைக்க மாட்டார்கள் தம்பி. பெரு நாட்டில் டிட்டிகாகா ஏரியிலுள்ள டக்கீலே தீவில் தொப்பி பின்னுவது ஆண்களின் வேலை. சிறுவர்களாக இருக்கும்போதே கற்றுக்கொள்கிறார்கள். மணமானவருக்கு ஒரு தொப்பி, ஆகாதவருக்கு வேறு தொப்பி. அத்தீவின் நெசவையும் பின்னலையும் 2005இல் யுனெஸ்கோ மானுட மரபுச் செல்வமாக அறிவித்தது. ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் பின்னல் தொழிற்சங்கங்கள் ஆண்கள் கையில்தான் இருந்தன.

குழுவில் ஒருவருக்கு மட்டும் கொடுக்கத் தயக்கமாக இருந்தால், எல்லோரும் உட்காரும் நாற்காலிகளின் கால்களுக்குக் காலுறை பின்னிப் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒவ்வொரு நிறம். அடுத்த வாரத்திலிருந்து எல்லோரும் தங்கள் நிறத்தைத் தேடி உட்காருவார்கள்.

கேள்வி: மூன்று மாதம் பின்னிய கம்பளி ஸ்வெட்டரைத் தோழி சலவை இயந்திரத்தில் போட்டுவிட்டாள். பொம்மைச் சட்டைபோலச் சுருங்கிவிட்டது. அவள் அழுகிறாள், எனக்குக் கோபம் ஆறவில்லை. சரிசெய்ய முடியுமா?

முடியாது. கம்பளி இழையின் மேல் மிக நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. சூடும் ஈரமும் உரசலும் சேரும்போது அவை ஒன்றோடொன்று கொக்கிபோல மாட்டிக்கொள்கின்றன, இழுத்தாலும் பிரியாது. கொஞ்சமாகச் சுருங்கியிருந்தால் நனைத்து நீட்டிப் பார்க்கலாம். நீங்கள் சொல்வது அந்த நிலையைத் தாண்டிவிட்டது.

ஆனால் அப்படி இறுகிய கம்பளியைக் கத்தரியால் வெட்டினாலும் கண்ணி அவிழாது. சாதாரணப் பின்னலில் யாரும் கத்தரி வைக்கத் துணியமாட்டோம், இதில் வைக்கலாம். இருவரும் சேர்ந்து உட்காருங்கள். அவள் வெட்டட்டும், நீங்கள் தையுங்கள். ஆளுக்கொரு ஊசிப் பை, மிச்சத்தில் ஒரு யானைக்குட்டி. கோபம் அந்த வேலையில் கரைவதை நான் பார்த்திருக்கிறேன். அழுகிறவள் உங்கள் உழைப்பின் மதிப்பை அறிந்தவள் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

அடுத்த முறை, இயந்திரத்தில் துவைக்கத் தக்கது என்று சீட்டில் எழுதிய கம்பளியை வாங்குங்கள். அதில் செதில்களைக் குளோரினால் மழுக்கி, மேலே மெல்லிய பிசின் பூச்சு கொடுத்திருப்பார்கள்.

கேள்வி: எங்கள் இருவருக்கு மட்டும் புரியும் ரகசியச் செய்தியை ஸ்கார்ஃபில் பின்ன ஆசை. மோர்ஸ் குறியீடு தவிர வேறு வழி உண்டா?

நம் எழுத்து வரிசையே பின்னல் கட்டம்போலத்தானே இருக்கிறது! 18 மெய், 12 உயிர், 216 உயிர்மெய். ஒவ்வோர் எழுத்தையும் இரண்டு எண்களாகச் சொல்லிவிடலாம்: மெய்வரிசையில் எத்தனையாவது, உயிர்வரிசையில் எத்தனையாவது. 'நட்பு' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ந என்றால் 8, 1. ட் என்றால் 5. புள்ளி வைத்ததால் உயிர் இல்லை. பு என்றால் 9, 5. மெய்க்கு ஒரு நிறம், உயிருக்கு ஒரு நிறம், எழுத்துக்கு எழுத்து இடையே மூன்றாவது நிறத்தில் ஒரு கோடு.

எண் எத்தனையோ அத்தனை வரிசை, அதாவது 8 என்றால் 8 வரிசை, என்று வைக்காதீர்கள். ஒற்றை வரிசையில் நிறம் மாற்றினால் நூல் மறுமுனையில் மாட்டிக்கொள்ளும். எண்ணைப்போல இரண்டு மடங்கு, 8 என்றால் 16 வரிசை, என்று வைத்தால் நூல் எப்போதும் தொடங்கிய ஓரத்துக்கே வந்துவிடும். அப்படிக் கணக்கிட்டால் 'நட்பு' 56 வரிசை, இரண்டு கோடுகளுக்கு 4 வரிசை, ஆக 60. நடுத்தர நூலில் 10 சென்டிமீட்டருக்கு 28 வரிசை வரும் என்றால் ஒரு சொல்லுக்கு 21 சென்டிமீட்டர். கழுத்தைச் சுற்ற ஏழெட்டுச் சொற்கள் போதும். அவள் அதைக் கண்டுபிடிக்கும் வரை நீங்கள் வாய் திறக்கக் கூடாது. அதுதான் கடினம்.

கேள்வி: தொலைவில் இருக்கும் தோழியும் நானும் ஒரு வருடம் முழுக்கச் சேர்ந்து ஏதாவது பின்ன நினைக்கிறோம்.

ஜெர்மனியில் மியூனிக் அருகே ஒரு பெண்மணி 2018ஆம் ஆண்டு முழுவதும் தினமும் தன் ரயில் தாமதத்தைப் பின்னினார். ஐந்து நிமிடத்துக்குள் என்றால் சாம்பல் நிறம், முப்பது நிமிடம் வரை என்றால் இளஞ்சிவப்பு, அதற்கு மேல் போனால் சிவப்பு. நாளுக்கு இரண்டு வரிசை. அந்த ஸ்கார்ஃப் 2019 ஜனவரியில் ஏலத்தில் 7,550 யூரோவுக்குப் போனது. பணம் ரயில் நிலையங்களில் உதவி செய்யும் தொண்டுக்குச் சேர்ந்தது. தினசரி எரிச்சலை இவ்வளவு அழகாக மாற்றியவரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

நீங்கள் இருவரும் வானத்தை வைத்துச் செய்யலாம். அவரவர் ஊரில் அன்றைக்கு வானம் என்ன நிறமோ அந்த நிறத்தில் இரண்டு வரிசை. ஆண்டு முடிவில் 730 வரிசை, ஏறக்குறைய 2.6 மீட்டர். பின்னியதை மாற்றிக்கொள்ளுங்கள். அவள் பார்த்த வானம் உங்கள் கழுத்தில் இருக்கும். ஒரு நாள் விட்டுப்போனால் வெள்ளை நூல் போடுங்கள்; பொய் நிறம் வேண்டாம்.

கேள்வி: பரிசுப் பரிமாற்றத்தில் நான் கையால் சாயமிட்ட மெரினோ கம்பளி நூல் கொடுத்தேன். எனக்குச் சாதாரண அக்ரிலிக், அதாவது செயற்கை நூல், வந்தது. மனசு வலிக்கிறது.

வலி நியாயம்தான். அடுத்த முறை இவ்வளவு செலவு, இவ்வளவு எடை என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நட்புக்குள் அதில் வெட்கமில்லை. ஆனால் அக்ரிலிக்கை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கம்பளி ஒத்துக்கொள்ளாத தோல் உடையவர்களுக்கும், தினமும் துவைக்கும் பொருளுக்கும் அதுவே நல்லது. அவர் ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார் என்று நேரில் கேட்டீர்களா?

கேள்வி: தோழிக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. பொம்மை பின்னும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பொத்தான் கண்கள் கூடவே கூடாது, நூலால் தையுங்கள். பஞ்சு வெளியே தெரியாதபடி, நூல் சீட்டில் சொன்னதைவிட இரண்டு அளவு சிறிய ஊசியால் நெருக்கமாகப் பின்னுங்கள். டென்மார்க்கில் 2013இல் குறைமாதக் குழந்தைகளுக்காகக் குரோஷா (கொக்கி ஊசியால் பின்னும்) ஆக்டோபஸ் பொம்மைகள் செய்யத் தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் வைத்த விதிகள் எல்லாப் பொம்மைக்கும் பொருந்தும்: முழுப் பருத்தி நூல், 60 டிகிரி வெந்நீரில் துவைக்க முடிய வேண்டும், கைகளை இழுத்து நீட்டினாலும் 22 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது.

கேள்வி: காதலனுக்கு ஸ்வெட்டர் பின்னினால் காதல் முறியும் என்கிறார்களே?

பின்னுகிறவர்களிடையே பழைய நம்பிக்கை அது. ஸ்வெட்டர்மேல் பழி வேண்டாம். இப்போதுதான் பழகத் தொடங்கிய ஒருவர்மேல் அத்தனை மணி நேர உழைப்பைப் போர்த்தினால் அவருக்கு மூச்சு முட்டும். முதலில் தொப்பி பின்னுங்கள்.

கேள்வி: எனக்கு நேர்ப் பின்னல் மட்டும்தான் தெரியும். சதுரம் பின்னுவேன், அவ்வளவுதான்.

சதுரம் போதும், முயல் செய்யலாம். சதுரத்தின் குறுக்கே நடுவில் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நூலோட்டம் தையுங்கள். அங்கிருந்து மேல் விளிம்பின் நடுப்புள்ளிக்குப் போய், மறுபடி தொடங்கிய இடத்துக்கு வாருங்கள். ஒரு முக்கோணம் கிடைக்கும். நடுவில் பஞ்சு வைத்து நூலை இழுத்தால் முக்கோணம் தலையாகத் திரளும், மேல் மூலைகள் இரண்டும் காதுகளாக நிற்கும். முதுகைத் தைத்து, உடம்பில் பஞ்சடைத்து, ஒரு குஞ்சம் வால் வைத்துவிடுங்கள். தலை திரளும் அந்தக் கணத்தைத் தோழியின் கண்முன்னால் செய்துகாட்டுங்கள்.

கேள்வி: என் பின்னல் தோழி சென்ற மாதம் இறந்துவிட்டாள். எனக்காகப் பின்னிக்கொண்டிருந்த சால்வை பாதியில் ஊசியோடு என்னிடம் வந்திருக்கிறது. தொடவும் முடியவில்லை, மூடி வைக்கவும் முடியவில்லை.

உங்கள் துயரத்துக்கு என் ஆறுதல், அம்மா. அவசரப்பட வேண்டாம். முதலில் கண்ணிகளை அவள் ஊசியிலிருந்து ஒரு மென்மையான பருத்தி நூலுக்கு மாற்றி, முனைகளை முடிச்சுப் போட்டு வையுங்கள். அப்படி வைத்தால் எத்தனை ஆண்டு ஆனாலும் நழுவாது, ஊசி பதிந்த தடமும் விழாது. எந்த வரிசையில் நிற்கிறது என்று எண்ணி, ஒரு சீட்டில் எழுதி உடன் வையுங்கள்.

நீங்களே முடிக்க முடியாவிட்டாலும் அது குறையில்லை. மறைந்தவர்கள் பாதியில் விட்ட கைவேலையை முன்பின் தெரியாத தன்னார்வலர்கள் முடித்துக் கொடுப்பதற்காகவே 2022இல் அமெரிக்காவில் 'லூஸ் எண்ட்ஸ்' என்ற அமைப்பு தொடங்கப்பட்டிருக்கிறது. அந்தப் பணியை எண்ணும்போதெல்லாம் எனக்குக் கண் நிறைகிறது.

நீங்களே தொடர்வதானால், அவள் கையும் உங்கள் கையும் ஒன்றாக இராது. அவள் நிறுத்திய இடத்தில் ஒரு கோடு தெரியும். ஊசி அளவை மாற்றி அதை மறைக்கலாம். பலரும் அதைத்தான் சொல்லித்தருவார்கள். நான் மாற்றமாட்டேன். அவள் வைத்திருந்த அதே ஊசியால், என் கைக்கு வருகிறபடி பின்னுவேன்.