இடைவெளியையும் படிக்கும் ஜோடி

அன்புள்ள ஐயா,

மரபணுக்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில், மரபணுக்களை இயக்கவும் அடக்கவும் செய்யும் புரதங்களான படியெடுப்புக் காரணிகள் பலவும் இரண்டிரண்டாகத்தான் டிஎன்ஏவில் அமர்கின்றன என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். ஏன் இரண்டு? ஒன்று போதாதா? இரண்டும் முன்பே ஜோடி சேர்ந்து வருகின்றனவா, டிஎன்ஏ மேல்தான் சந்திக்கின்றனவா?

க., முதுகலை மாணவி

அன்புள்ள க.,

முதல் கேள்விக்குக் கணக்குப் போட்டாலே பாதி பதில் வந்துவிடும். ஒரு புரதம் டிஎன்ஏவில் சுமார் ஆறு எழுத்தைப் படிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ, சி, ஜி, டி என்று நான்கே எழுத்துக்கள் உள்ள மொழியில் ஆறெழுத்துச் சொல் ஒன்று 4,096 இடத்துக்கு ஒருமுறை தற்செயலாகவே வந்துவிடும். 300 கோடிக்கு மேல் எழுத்துள்ள நம் மரபுத்தொகுதியில் அது ஏழு லட்சம் தடவைக்கு மேல். இரண்டு புரதங்கள் சேர்ந்து பன்னிரண்டு எழுத்தைப் படித்தால் இருநூறுக்குள் சுருங்கிவிடுகிறது. நிஜத்தில் ஓரிரு எழுத்து மாறினாலும் புரதம் பொறுத்துக்கொள்ளும் என்பதால் இடங்கள் இன்னும் அதிகம். ஆனாலும் ஒற்றைக்கும் ஜோடிக்கும் உள்ள வித்தியாசம் புரியும்.

இரண்டாவது கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்து செல்லுக்குள் போய்ப் பற்றிக்கொள்ளும் புரதத்தையே எடுத்துக்கொள்வோம். குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பி என்று பெயர். அது தேடும் சொல் ஏ-ஜி-ஏ-ஏ-சி-ஏ. பிறகு ஏதோ மூன்று எழுத்து. அப்புறம் டி-ஜி-டி-டி-சி-டி. விகடகவி மாதிரி இருபுறமும் ஒன்றாகப் படிக்கலாம் என்பார்கள். ஆனால் பின்னாலிருந்து படிக்கும்போது எதிர் இழையில் படிக்க வேண்டும், அங்கே ஏவுக்கு எதிரே டி, ஜிக்கு எதிரே சி இருக்கும். அப்படிப் படித்தால் மறுபடி ஏ-ஜி-ஏ-ஏ-சி-ஏ. ஆக, இரண்டு புரதங்களும் படிப்பது ஒரே சொல்லை, திசைதான் எதிரெதிர்.

ஒவ்வொன்றும் தன் சுருள் ஒன்றை டிஎன்ஏவின் அகலமான பள்ளத்துக்குள் நுழைத்து, எழுத்துக்களின் விளிம்பைத் தொட்டுப் பார்க்கிறது. இழைகளைப் பிரிக்க வேண்டியதே இல்லை. ஒரு சொல்லின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு ஒன்பது எழுத்து தூரம். டிஎன்ஏ ஒரு சுற்று திரும்ப ஏறக்குறைய 10.5 எழுத்து ஆகும். அதனால் இரண்டும் ஒரே பக்கமாக, அடுத்தடுத்த பள்ளங்களில் உட்கார முடிகிறது. இடையில் ஓர் எழுத்து கூடினால் 0.34 நானோமீட்டர் தள்ளிப்போகும், கோணமும் சுமார் 34 டிகிரி திரும்பிவிடும்.

1991இல் யேல் பல்கலைக்கழகத்தில் பால் சிக்லரின் குழு இதைப் படிகமாக்கிப் பார்த்தது. ஏற்பியில் டிஎன்ஏவைப் பற்றும் பகுதியை மட்டும் தனியே எடுத்தால் அது கரைசலில் ஒற்றையாகவே இருக்கும். டிஎன்ஏ மேல்தான் ஜோடி சேரும். படிகத்துக்கு அவர்கள் எடுத்த டிஎன்ஏவில் இடைவெளி மூன்றுக்குப் பதில் நான்கு. ஒரு புரதம் தன் சொல்லின் மேல் சரியாக உட்கார்ந்திருந்தது. மற்றதற்கு உரிய சொல் ஓர் எழுத்து தள்ளித்தான் இருந்தது, ஆனாலும் அது அங்கே போகவில்லை. கூட்டாளியின் கையை விடாமல், தனக்கு உரியதல்லாத எழுத்துக்கள் மேலேயே உட்கார்ந்திருந்தது! எழுத்தைப் போலவே இடைவெளியும் செய்தியின் ஒரு பகுதி என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் எனக்குத் தெரியாது. பாடப்புத்தகங்களில் வரும் பூட்டு-சாவிப் படத்தில் இது கண்ணிலேயே படாது என்பது என் வருத்தம்.

முன்பே சேர்ந்து வருவதாகச் சொல்லப்படும் ஜோடிகளும் உண்டு. ஃபாஸ், ஜுன் என்ற இரண்டு படியெடுப்புக் காரணிகள் அப்படி. ஏழு இடத்துக்கொரு லூசின் என்ற அமினோ அமிலம் வரும் இரண்டு சுருள்கள் ஒன்றையொன்று தழுவி, இடுக்கி மாதிரி டிஎன்ஏவைப் பிடிக்கும். ஃபாஸ் தன் இனத்தோடு ஜோடி சேராது, அதற்கு ஜுன் வேண்டும். ஆனால் வினையின் வேகத்தை அளந்தபோது, இவையும் ஒவ்வொன்றாக டிஎன்ஏவில் இறங்கி அங்கே சேர்வதுதான் வேகமான வழி என்று தெரிந்தது.

இடைவெளிக்கு இன்னொரு சாட்சி, ஏ-ஜி-ஜி-டி-சி-ஏ என்ற சொல். அது ஒரே திசையில் இரண்டு முறை வரும்போது, நடுவில் மூன்று எழுத்து இருந்தால் வைட்டமின் டி ஏற்பி, நான்கு என்றால் தைராய்டு ஹார்மோன் ஏற்பி, ஐந்து என்றால் வைட்டமின் ஏவிலிருந்து வரும் ரெட்டினாயிக் அமிலத்தின் ஏற்பி. மூன்றுக்கும் ஜோடி சேரும் கூட்டாளி ஒன்றேதான், ஆர்எக்ஸ்ஆர் என்ற இன்னோர் ஏற்பி.

சிக்லர் குழுவின் அந்த வடிவம் புரதத் தரவு வங்கியில் இலவசமாகவே கிடைக்கும். திரையில் திருப்பித் திருப்பிப் பாருங்கள், முக்கியமாக இடம் தவறி உட்கார்ந்த அந்த இரண்டாவது புரதத்தை.