ஒரு மணிக்கு அங்கே இருங்கள்

கேள்வி: மகன் ஸ்காட்லாந்தில் உள்ள எடின்பரோவில் படிக்கிறான். அடுத்த மாதம் அவனைப் பார்க்கப் போகிறேன். கால்டன் குன்றில் உள்ள நெல்சன் கோபுரத்தில் ஏறினால் ஊர் முழுக்கத் தெரியும் என்கிறான். எனக்கு வயது 61, முழங்கால் வலி வேறு. ஏறத்தான் வேண்டுமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: குன்றுக்குக் கண்டிப்பாகப் போங்கள் அம்மா. கோபுரத்துக்குள் 143 படிகள். சுற்றிச் சுற்றிப் போகும் குறுகல் படி. எதிரே ஒருவர் இறங்கி வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். முழங்கால் இடம் கொடுக்காவிட்டால் மகனை மட்டும் மேலே அனுப்புங்கள். கீழே புல்வெளியில் நின்றாலே கோட்டையும் கடலும் நன்றாகத் தெரியும்.

ஆனால் பகல் ஒரு மணிக்கு அங்கே இருங்கள். நான் முதல்முறை போனபோது 12 மணிக்கே ஏறி, காற்றில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நாலு பக்கமும் பார்த்துவிட்டு இறங்கிவிட்டேன். உச்சிக் கம்பத்தில் கோத்திருந்த பெரிய பந்தை அலங்காரம் என்றே நினைத்தேன். அப்புறம் விவரம் தெரிந்து மறுநாளும் போனேன். ஒரு மணிக்குச் சற்று முன்னால் பந்து மெல்லக் கம்பத்தின் உச்சிக்கு ஏறி நின்றது. சரியாக ஒரு மணிக்கு விழுந்தது. மூன்று நான்கு வினாடி கழித்துத்தான் கோட்டையிலிருந்து பீரங்கிச் சத்தம் வந்தது.

1805-ல் ட்ரஃபால்கர் கடற்போரில் இறந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனுக்காக, 1807-ல் கட்டத் தொடங்கிய கோபுரம் இது. தொலைநோக்கியை நிமிர்த்தி வைத்தது போல இருக்கும். பந்து வந்தது 1850-களில். லீத் துறைமுகத்துக் கப்பல்காரர்கள் அதைப் பார்த்துத்தான் கடிகாரத்தைச் சரிசெய்வார்கள். நடுக்கடலில் கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிக்க அந்தக் கடிகாரம்தான் துணை. அது ஒரு நிமிடம் பிசகினால், நிலநடுக்கோட்டருகே கணக்கு சுமார் 28 கிலோமீட்டர் தப்பிவிடும்! மூடுபனியில் பந்து தெரியாதே என்று 1861-ல் பீரங்கியையும் சேர்த்தார்கள். அந்தச் சத்தம் லீத்தை எட்டச் சுமார் 10 வினாடி ஆகும். அதற்காக, எந்த இடத்துக்கு எத்தனை வினாடி கழிக்க வேண்டும் என்று வட்டம் வட்டமாகப் போட்டு ஒரு வரைபடமே தயாரித்தார்கள். எவ்வளவு அக்கறை பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பீரங்கி கிடையாது. கோபுரம் திறந்திருக்கிறதா, பந்து இயங்குகிறதா என்று முந்தின நாளே மகனை விசாரிக்கச் சொல்லுங்கள். மேலே காற்று பலமாக அடிக்கும். காதை மூட மஃப்ளர் எடுத்துக்கொள்ளுங்கள்.