பிரிட்டன் யார்க்டவுனில் தோற்ற பிறகும் அமெரிக்க விடுதலைப் போர் 1783 வரை நீண்டது ஏன்?

யார்க்டவுனில் 1781 அக்டோபர் 19 அன்று சரணடைந்தது பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸின் படை மட்டுமே, பிரிட்டன் அல்ல. அதனால்தான் உங்கள் பாடநூல் போரின் முடிவை 1783 என்கிறது.

யார்க்டவுனைக் கடைசிப் பெரும் சண்டை என்று படித்துவிட்டு, போரே முடிந்ததாக எடுத்துக்கொண்டிருப்பீர்கள். வரைபடத்தில் நியூயார்க், சார்லஸ்டன், சவன்னா மூன்றையும் தேடிப் பாருங்கள். அன்று மூன்றும் பிரிட்டிஷார் கையில்தான் இருந்தன. லண்டனில் மனம் உடைந்து, 1782 மார்ச்சில் பிரதமர் நார்த் பதவி விலகிய பிறகே பேச்சுக்கு வழி பிறந்தது. பாரிஸ் உடன்படிக்கை 1783 செப்டம்பர் 3. நியூயார்க்கை விட்டு அவர்கள் வெளியேறியது நவம்பர் 25.

நம் கடலூரில்கூட 1783 ஜூனில் அமெரிக்கர்களின் கூட்டாளியான பிரான்சின் படையும் பிரிட்டிஷ் படையும் மோதிக்கொண்டிருந்தன. சமாதானச் செய்தி வந்த பிறகே ஓய்ந்தன. எத்தனை பெரிய போர் அது!

ஆனால் தேர்வில் விடுதலைப் பிரகடனத்தின் ஆண்டைக் கேட்டால் 1776 என்றே எழுதுங்கள்.