ஐ.நா. வாசலில் இருந்தவர்கள்

அன்புள்ள அண்ணைக்கு,

ரொறன்ரோவில் 11ஆம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்குப் பள்ளியில் ஒரு விவாதம். பயங்கரவாதிகளுக்கு இடம் கொடுத்த ஆட்சியைக் கவிழ்ப்பது நியாயமா என்பது தலைப்பு. நியாயம் என்று பேசச் சொன்னேன். ஏறக்குறைய 3,000 பேரைக் கொன்றவர்களை வைத்திருந்த தாலிபானை அமெரிக்கா சும்மா விட்டிருக்க முடியுமா? அம்மா மட்டும் ஒப்பவில்லை. அவர் 2009 வரை வன்னியில் இருந்தவர். நீங்கள் இன்னும் அங்கே இருக்கிறீர்கள். என்ன சொல்கிறீர்கள்?

கிளிநொச்சியில் பிறந்த ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நான் அம்மாவின் பக்கம்.

2001 செப்டெம்பர் 11இல் செத்தவர்களில் பெரும்பாலானோர் காலையில் வேலைக்குப் போன சனம். கொன்றவர்களைத் தேடிப் போக அமெரிக்காவுக்கு உரிமை இருந்தது. அந்தத் தாக்குதலை நடத்திய அல்கைதாவின் முகாம்களை அடித்ததை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் ஒளிந்திருந்த நாட்டை இனி யார் ஆள்வது என்று முடிவெடுப்பது வேறு விஷயம். விமானங்களைக் கடத்திய 19 பேரில் 15 பேர் சவூதிக்காரர். சவூதி அரசை யாரும் தொடவில்லை. அல்கைதாவின் தலைவர் பின்லேடன் 2011இல் அகப்பட்டது பாகிஸ்தானில். அங்கே ஒரே இரவில் ஆட்களை அனுப்பிக் காரியத்தை முடித்தார்கள், ஆட்சியைக் கவிழ்க்கவில்லை. ஆப்கானிஸ்தானில் 20 வருடம் நின்றார்கள். 2021 ஆகஸ்ட் 15இல் அதே தாலிபான் காபூலுக்குள் வந்தது.

ஈராக் இன்னும் மோசம். செப்டெம்பர் 11இல் ஈராக்கை ஆண்ட சதாமுக்குப் பங்கே இல்லை, ஆனாலும் அவரைக் கவிழ்த்தார்கள். 2003 மே மாதம் அமெரிக்க நிர்வாகி போல் பிரெமர் ஒரு உத்தரவில் ஈராக் இராணுவத்தைக் கலைத்தார். ஆயுதம் பழகிய லட்சக்கணக்கான ஆண்கள் வேலையில்லாமல் வீட்டுக்குப் போனார்கள். அந்தப் படையின் பழைய அதிகாரிகள் பலர் பிறகு ஐ.எஸ். இயக்கத்தை நடத்தினார்கள்.

சரி, எங்கள் ஊருக்கு வருவோம். தூரத்திலிருந்து பார்த்தால் ஆட்சி என்பது நாலு தலைவர்கள். வன்னியில் நீதிமன்றமும் காவல்துறையும் வைப்பகமும் புலிகளுடையவை. அதே வன்னியில் அரசின் கச்சேரி (மாவட்ட நிர்வாக அலுவலகம்) நடந்தது, ஆஸ்பத்திரி நடந்தது. வாத்தியாரான எனக்குச் சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. எல்லாம் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடந்தன. அடி விழுந்தபோது எல்லாவற்றின் மேலும் விழுந்தது.

புலிகள் செய்ததையும் சொல்லத்தான் வேண்டும். 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டினார்கள். 1996இல் கொழும்பு மத்திய வங்கியில் குண்டு வெடிக்க வைத்தார்கள். கடைசி மாதங்களில் தப்பி ஓடிய எங்கள் சனத்தையே சுட்டார்கள். இதை விழுங்கிவிட்டு நான் நியாயம் பேச முடியாது.

மகனிடம் எதிரணி கம்போடியாவைக் கேட்கும். 1979 ஜனவரியில் வியட்நாம் படை அந்த நாட்டை ஆண்ட பொல்பொட்டை விரட்டியது. அதைப் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த ஆட்சி தன் சொந்த மக்களை நாளாந்தம் கொன்றுகொண்டிருந்தது. ஓர் ஆட்சியைக் கவிழ்க்கக் காரணம் உண்டென்றால், அது உள்ளே சாகிறவர்கள்தான். வெளியே அடிபட்டவர்களின் கோபம் அதற்குப் போதாது.

ஆனால் காப்பாற்றத்தான் வருகிறோம் என்று எல்லோரும் சொல்வார்கள். வன்னியில் நடந்ததற்கும் அரசு வைத்த பெயர் 'மனிதாபிமான நடவடிக்கை'. அப்படி வருகிறவர்கள் சாட்சிகளை இருக்க விடுகிறார்களா, அனுப்பிவிடுகிறார்களா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். 2008 செப்டெம்பரில் தொண்டு நிறுவனங்களை வெளியேறும்படி அரசு சொன்னது. கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலக வாசலில் சனம் போய் இருந்தது. "எங்களை விட்டிட்டுப் போகாதேயுங்கோ" என்று கெஞ்சியது. அவர்கள் போனார்கள். 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி விழுந்தது, மே மாதம் முள்ளிவாய்க்கால். அந்தக் கடைசிக் கட்டத்தில் 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்பதை மறுக்க முடியாது என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியது. ஒவ்வொரு ஆளையும் பெயர் சொல்லி எண்ண அங்கே வெளியார் அநேகமாக யாரும் இருக்கவில்லை. அதனால்தான் இன்றைக்கும் அந்த எண்ணிக்கைக்குச் சண்டை நடக்கிறது.

மகன் எந்தப் பக்கம் பேசுவது என்பதை அவனே முடிவெடுக்கட்டும். அதற்கு முதல் ஒரு பின்னேரம் அப்பம்மாவோடு இருக்கச் சொல்லுங்கள். அந்த வாசலில் அவரும் இருந்தவரா என்று கேட்கட்டும்.

அன்புடன்,
அண்ணை