ஆர்கான் விட்டதும் பவர் விழுதா? ஃபைபரை மாத்தாதீங்க

வணக்கம் நண்பரே, லேசர் பல்ஸை சுருக்குறதுக்கு கேஸ் நிரப்புற உள்ள குழலான ஃபைபர்ல, வேக்குவத்துல உள்ள விட்ட ஒளியில 60 சதவீதம் வெளிய வருது, 1 பார் ஆர்கான் விட்டா 35 சதவீதத்துக்கு விழுது, பல்ஸை சுருக்கத் தேவையான ஸ்பெக்ட்ரமும் (ஒளியோட அலைநீளப் பரவல்) ஒழுங்கா விரியலன்னு போட்டிருந்தீங்கல்ல, வேக்குவத்துல 60 வருதுன்னா ஃபைபர் நல்லாத்தான் இருக்கு. உங்க பல்ஸ் 1 மில்லிஜூல், 35 ஃபெம்டோசெகண்ட் (ஒரு ஃபெம்டோ, செகண்டுல ஆயிரம் லட்சம் கோடியில ஒரு பங்கு)னா உச்ச பவர் கிட்டத்தட்ட 28 கிகாவாட், 800 நானோமீட்டர்ல 1 பார் ஆர்கான் தாங்குறதோ சுமார் 10 கிகாவாட் தான், அதைத் தாண்டினா பீம் தானா சுருங்கி வாசல்லயே கேஸ் அயனியாகி மோட் (ஃபைபருக்குள்ள ஒளி போற வடிவம்) கெட்டுப்போகும். நம்ம டெல்டாவுல மதகை ஒரேயடியா தூக்கினா வாய்க்கா கரை அரிக்குமே, அந்த மாதிரி.

1996ல இந்த முறையைக் காட்டின இத்தாலி ஆராய்ச்சியாளர் நிசோலியோட குழு கிரிப்டான் கேஸ் வச்சு 10 ஃபெம்டோசெகண்டுக்கு சுருக்கினப்ப உள்ள விட்ட பல்ஸ் 140 ஃபெம்டோசெகண்ட், அதனால உச்ச பவர் கம்மி, அந்த செட்டிங்கை அப்படியே எடுத்துக்காதீங்க.

நியானுக்கு மாறுங்க, அது ஆர்கானை விட அதிக பவர் தாங்கும். அதோட உள்ள போற பக்கம் பம்ப் போட்டு வேக்குவமா வச்சுட்டு வெளிய வர்ற பக்கம் மட்டும் கேஸ் விடுங்க, பிரஷரை கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. உள்விட்டம் 250 மைக்ரான் இருக்கிற ஃபைபருக்கு, வாசல்ல பீமோட ஃபோகஸ் விட்டம் 160 மைக்ரான் கிட்ட இருக்கணும், அதை கேமராவுல அளந்துடுங்க.

தஞ்சாவூர்ல எங்க லேப்ல சித்திரை வெயில்ல ஏசி நின்னு நின்னு ஓடும், பீம் மெல்ல நகர்ந்து ஒரு மத்தியானம் ஃபைபர் வாய் ஓரம் கடுகளவு கருகிப்போச்சு, மனசே ஆறல. ஏசி நிலையானப்புறம் அலைன் பண்ணுங்க, புது ரீடிங் வந்ததும் இங்கயே போடுங்க, பாக்குறேன்.